மழைக்குப் பின் காட்டுப்பாதையில் சைக்கிள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

ஞாயிறு காலை ஏழு மணிக்குத் தாமான் லெம்பா கியாரா வாசலில் சைக்கிளை இறக்கி வைத்தால் போதும், யாராவது ஒருவர் பக்கத்தில் வந்து கேட்டுவிடுவார்: "அக்கா, நேத்து ராத்திரி நல்ல மழை. இன்னிக்கு உள்ள போகலாமா?" பதினோரு வருடமாகக் கோலாலம்பூரின் புக்கிட் கியாரா மலையில் ஓட்டுகிறேன். கடைசி ஆறு வருடமாக, மாதம் ஒரு ஞாயிறு சைக்கிளை வீட்டில் விட்டுவிட்டு மண்வெட்டியோடு போய்த் தடம் சீரமைக்கிறேன். ஓட்டும்போது தெரியாத பல விஷயங்கள் மண்வெட்டி பிடித்த பிறகுதான் எனக்குத் தெரிந்தன. திரும்பத் திரும்பக் காதில் விழுந்த சந்தேகங்களை, கேட்டவர்கள் கேட்ட சொல்லிலேயே கீழே வைத்திருக்கிறேன்.

மலைச் சைக்கிள் வாங்குறதே சேத்துல ஓட்டத்தானே? இதுல என்னக்கா மரியாதை வேண்டியிருக்கு?

சேற்றால் சைக்கிளுக்கு ஒன்றும் ஆகாது, கழுவினால் போயிற்று. கெடுவது பாதை. தண்ணீர் ஊறிய மண்ணில் டயர் ஏறினால் மண் அமுங்கி ஒரு கோடு விழும். அடுத்த மழைக்கு அந்தக் கோடு வாய்க்கால் ஆகிவிடும். ஒருமுறை மழை விட்ட கையோடு அப்படிப்பட்ட ஒரு கோட்டின் பக்கத்தில் குந்திப் பார்த்தேன். இரண்டு விரல் அகலம்தான். பழுப்புத் தண்ணீர் மணலை மட்டும் அள்ளிக்கொண்டு ஓடியது. சின்னக் கற்கள் நகராமல் அடியில் கிடந்தன. அடுத்த மாதம் உள்ளங்கை ஆழம். தீபாவளிக்குள் முழங்காலுக்குக் கீழ்வரை இறங்கி, இரண்டு பக்கமும் ரப்பர் வேர்கள் வெளியே தொங்கின.

அந்தப் பள்ளத்தில் காலையில் நடக்க வரும் பெரியவர்கள் கால் வைக்க வேண்டும், பிள்ளைகள் ஓட வேண்டும். ஒருவர் ஒரு நாள் ஓட்டிய ஆசைக்கு இத்தனை பேர் பாதை போகிறது. கேட்டீர்களே மரியாதை, அது இதற்காகத்தான்.

நம்ம ஊர்ல வருஷம் பூரா மழை. ஈரத்துல ஓட்டாதீங்கன்னா எப்பத்தான் ஓட்டுறது?

"ஈரமான தடத்தில் ஏறவே ஏறாதே" என்பது குளிர்நாட்டுக்காரர்கள் எழுதிவைத்த விதி. அவர்களுக்குப் பனி உருகும் காலம் என்று ஒன்று உண்டு, காயும் காலம் என்று ஒன்று உண்டு. கோலாலம்பூரில் ஆண்டுக்கு 2,400 மில்லிமீட்டருக்கு மேல் மழை கொட்டுகிறது. ஏப்ரல், மே ஒரு உச்சம். அக்டோபர், நவம்பர் இன்னொரு உச்சம், நம் தீபாவளி மழை. ஜூன், ஜூலையில் கொஞ்சம் குறையுமே தவிர நிற்காது. அந்த விதியை அப்படியே பிடித்துக்கொண்டால் சைக்கிளை ஸ்டோர் ரூமில் பூட்டிவிட வேண்டியதுதான்.

ஆகவே "மழை பெய்ததா" என்று கேட்காதீர்கள். "தண்ணீர் வடிந்துவிட்டதா" என்று கேளுங்கள். இங்கே பெரும்பாலும் மத்தியானம் மூன்று மணிக்கு மேல்தான் மழை இறங்கும். சரிவில், மணல் கலந்த மண்ணில் போகும் தடம் மறுநாள் காலைக்குள் வடிந்துவிடும். ஓடையோரத் தாழ்வு, களிமண், மூங்கில் நிழல் என்றால் இரண்டு நாள், சில இடத்தில் மூன்று நாள். ஒரே மலையில் ஒரு தடம் திறந்தும் பக்கத்துத் தடம் போகக்கூடாமலும் இருப்பது சாதாரணம்.

கியாரா மலையே ஒரு காலத்தில் ரப்பர் தோட்டம். என் பாட்டி சிலாங்கூரில் வேறொரு தோட்டத்தில் பால் வெட்டினவர். மழை பெய்த காலையில் பால் வெட்டு கிடையாது. பட்டை ஈரமாக இருக்கும்போது கத்தி வைத்தால் பாலும் வழிந்து வீணாகும், பட்டையிலும் நோய் பிடிக்கும். அன்றைய கூலி போனாலும் மரம் காய்கிற வரை லயத்து வாசலில் உட்கார்ந்திருப்பார்களாம். கூலிக்காரர்களே மரத்துக்காகக் காத்திருந்த மலைகள் இவை. பொழுதுபோக்குக்கு வரும் நாம் ஒரு நாள் பொறுக்கலாம்.

காஞ்சிருக்கா இல்லையான்னு எப்படிக் கண்டுபிடிக்கிறது? எனக்கு எல்லாம் ஒரே மாதிரி தெரியுது.

முதலில், வாசலில் நின்று முடிவு செய்யாதீர்கள். வாசலில் சரளைக்கல் இருக்கும், எப்போதும் காய்ந்தே தெரியும். உள்ளே போய் முதல் சமதளத்தில் நில்லுங்கள். குதிகாலை அழுத்துங்கள். சுற்றிலும் தண்ணீர் ஊறி வந்தால் அன்றைக்கு அவ்வளவுதான். ஊறவில்லை என்றால் பத்து மீட்டர் ஓட்டிவிட்டு இறங்கித் திரும்பிப் பாருங்கள். டயரின் பூ, அதாவது அதன் மேலுள்ள மேடுபள்ளம் மட்டும் பதிந்திருந்தால் போகலாம். கோட்டில் சுண்டுவிரலை வைத்து முதல் கணு முழுகினால் திரும்பிவிடுங்கள்.

இதைத்தான் கீழே "விரல் சோதனை" என்கிறேன். டயரில் மண் அப்பிக்கொண்டு சக்கரம் சுற்றவே மறுக்கிறது என்றால் சோதனையே வேண்டாம். நீங்கள் எப்போதோ திரும்பியிருக்க வேண்டும்.

நடு வழியில குட்டை நிக்குது. ஓரமா சுத்திப் போனா நல்லதுதானே?

நல்லது மாதிரி தெரியும். ஆனால் இதுதான் அதிகம் கெடுக்கும் பழக்கம். நீங்கள் ஓரமாகப் போனால் ஓரத்துச் செடி சாகும், மண் இளகும், குட்டை அந்தப் பக்கம் விரியும். அடுத்தவர் அதற்கும் வெளியே போவார். ஒரு முழ அகலத்தில் இருந்த ஒற்றையடிப் பாதை, லாரி போகும் அகலத்துக்குச் சேறாகக் கிடப்பதை என் கண்ணால் பார்த்திருக்கிறேன்.

நடுவிலேயே போங்கள். வேகம் வேண்டாம், பிரேக் வேண்டாம், மிதியை ஒரே சீராக மிதித்துக் கடந்துவிடுங்கள். ஷூ நனையும். நனையட்டும். அடியில் என்ன இருக்கிறது என்று தெரியாவிட்டால் இறங்கி, சைக்கிளைத் தோளில் போட்டு, அதே நடுவில் நடந்து போங்கள். வழி நெடுகக் குட்டையாகவே இருந்தால் அது குட்டைப் பிரச்சினை இல்லை, விரல் சோதனையில் தோற்ற தடம்.

இறக்கத்துல பின் பிரேக்கைப் பிடிச்சுச் சறுக்கிட்டு வர்றது ஜாலியா இருக்கு. அதுவும் தப்பா?

தப்புத்தான். சக்கரம் பூட்டிக்கொண்டு இழுபடும்போது டயர் மேல்மண்ணைச் சீவிக்கொண்டு வருகிறது. ஈர மண்ணில் ஒரு சறுக்கலுக்கு இரண்டு மூன்று மீட்டர் நீளம் உரியும். அதுவும் சரிவின் போக்கிலேயே, தண்ணீர் ஓட வாகாக.

இறக்கம் தொடங்கும் முன்பே வேகத்தைக் குறையுங்கள். இரண்டு பிரேக்கையும் ஒவ்வொரு விரலால் மெதுவாகப் பிடியுங்கள். இடுப்பைப் பின்னால் தள்ளிக்கொள்ளுங்கள். பூட்டாமல் இறங்க முடியாத இறக்கம் என்றால் இறங்கி நடங்கள். இருபது வருடம் ஓட்டியவர்களும் இறங்கி நடப்பதைக் கியாராவில் பார்க்கலாம்.

எதிர்ல ஆள் வந்தா யாரு ஒதுங்கணும்?

நடப்பவருக்கு எப்போதும் சைக்கிள்காரர்தான் ஒதுங்க வேண்டும். இரண்டு பேரும் சைக்கிள் என்றால் இறங்குகிறவர் நிற்க வேண்டும், ஏறுகிறவர் போக வேண்டும். 1988இல் அமெரிக்காவில் தொடங்கிய அனைத்துலக மலைச் சைக்கிள் சங்கம் வகுத்த விதிகளிலும் இதுவே இருக்கிறது. ஈரத்தில் இதற்கு இன்னொரு நியாயமும் உண்டு. களிமண் ஏற்றத்தில் ஒருமுறை நின்றவர் மறுபடி மிதித்துக் கிளம்ப முடியாது, பின் சக்கரம் நின்ற இடத்திலேயே சுற்றி மண்ணைத் தோண்டும்.

வாயைத் திறந்து பேசுங்கள். தூரத்திலேயே "காலை வணக்கம்", "செலாமாட் பாகி", எது வருகிறதோ அது. பின்னாலிருந்து நெருங்கினால் "தும்பாங் லாலு, பாக்சிக்" என்று கேட்டு வழி வாங்குங்கள். பெல்லை அடித்துக்கொண்டே போவதை விட இது எவ்வளவோ மேல். உங்கள் பின்னால் இன்னும் ஆட்கள் இருந்தால் எத்தனை பேர் என்று சொல்லிவிட்டுப் போங்கள். "லாகி தீகா" என்று மலாய் நண்பர்கள் கத்துவது, இன்னும் மூன்று பேர் வருகிறார்கள் என்றுதான். கடைசி ஆள் "அபிஸ்" என்றால் முடிந்தது, ஒதுங்கி நின்றவர் நடக்கலாம். கடந்ததும் "தெரிமா காசே" சொல்ல மறக்காதீர்கள்.

ஒதுங்குறதுக்கே இடமில்லையே! ஒரு பக்கம் சரிவு, இன்னொரு பக்கம் சேறு.

சைக்கிளை உருட்டிக்கொண்டு ஓரத்தில் இறக்காதீர்கள், விளிம்பு இடிந்துவிடும். இறங்கி, சைக்கிளைத் தூக்கி, மேட்டுப் பக்கம் ஒரு மரத்தில் சாய்த்து, நீங்கள் ஒரு வேரிலோ கல்லிலோ கால் வைத்து நில்லுங்கள். சரிவுப் பக்கம் நடப்பவரை ஒருபோதும் நிறுத்தாதீர்கள். வயதானவர் என்றால் கை கொடுங்கள்.

தாண்டும்போது ஒரு ஆண்ட்டி மேல சேறு தெறிச்சிடுச்சு. மன்னிப்புக் கேட்டாப் போதுமா?

நின்று, இறங்கி, முகம் பார்த்துக் கேளுங்கள். குடிக்கும் தண்ணீரையும் துண்டையும் நீட்டுங்கள். பெரும்பாலும் "பரவாயில்ல ஐயா" என்று போய்விடுவார்கள். ஓடிக்கொண்டே "சாரி" என்று கத்தியவரைத்தான் வருடக்கணக்கில் ஞாபகம் வைத்திருப்பார்கள். அந்தக் கோபம் கடைசியில் சைக்கிளுக்கே தடை போடச் சொல்லும் புகாராக வந்து நிற்கும். ஆள் நடக்கும் வேகத்துக்குக் குறைத்துக் கடந்தால் தெறிக்கவே தெறிக்காது.

டயர் காத்தைக் குறைச்சா வழுக்காதுன்றாங்க. எவ்வளவு குறைக்கலாம்?

வழக்கமாக வைக்கும் அளவிலிருந்து இரண்டு மூன்று பிஎஸ்ஐ குறைத்தால் பிடிப்பு கூடும். அதற்கும் கீழே போனால் வேரில் அடித்து ரிம் நசுங்கும். ஒன்று மட்டும் மறக்காதீர்கள்: பிடிப்பு கூடியதால் உங்களுக்கு வழுக்காது, மண் மட்டும் அதேபோலத்தான் அமுங்கும். காற்றைக் குறைத்துவிட்டேன் என்பது விரல் சோதனைக்கு விலக்கு ஆகாது.

வேர்தான் பெரிய தொல்லை. ஒரு பாராங் கத்தி கொண்டுவந்து வெட்டிடலாமா?

வேண்டவே வேண்டாம். பாதையில் மண்ணைப் பிடித்துவைத்திருப்பது அந்த வேர். அதை வெட்டினால் அடுத்த மழையில் அந்தப் படியே கரைந்துபோகும், மரமும் சாயும். ஈர வேர் எண்ணெய் தடவியது போல வழுக்கும், உண்மை. குறுக்கே கிடக்கும் வேரை நேர்குத்தாக, சக்கரம் நேராக இருக்கும்படி, பிரேக்கைத் தொடாமல் தாண்டுங்கள். சாய்வாகக் கிடக்கும் வேரில் திரும்பவோ மிதியை அழுத்தவோ செய்யாதீர்கள். முடியாவிட்டால் தூக்கிக்கொண்டு நடங்கள்.

கிளையை முறித்துப் போடுவது, பலகை, பழைய டயர் போடுவது எல்லாமே இந்த வேண்டாத வேலையில் சேரும். இலையும் கிளையும் போட்டால் தண்ணீர் தேங்கி அழுகி இன்னும் சேறாகும்.

உள்ள போனப்புறம் மழை பிடிச்சுக்கிச்சுன்னா?

முதலில் மின்னல். கோலாலம்பூரும் சுற்றுப்புறமும் அடங்கிய கிள்ளான் பள்ளத்தாக்கு உலகத்திலேயே மின்னல் அதிகம் விழும் இடங்களில் ஒன்று. இடிச் சத்தம் கேட்டதும் உச்சியை விட்டு இறங்குங்கள், தனி மரத்தடியில் ஒதுங்காதீர்கள். தடத்தை முழுசாக முடிக்கும் எண்ணத்தை விட்டுவிட்டு, கிட்டத்தில் இருக்கும் தார்ச்சாலைக்கு வெளியேறுங்கள். கியாராவுக்குள் தார் போட்ட பாதை இருக்கிறது, அதைப் பிடித்துவிட்டால் தடம் கெடும் கவலை இல்லை.

முதல் கால் மணி நேரத்தில் மேல்மண் மட்டுமே நனையும், அதற்குள் மெதுவாக ஓட்டி வெளியே வந்துவிடலாம். அதற்கு மேல் ஆகிவிட்டால் தள்ளிக்கொண்டு நடங்கள். காட்டில் மாட்டிக்கொண்டவரைப் பாதுகாப்பாக வெளியே வரவிடுவதற்கு முன்னால் எந்த விதியும் பெரிதில்லை.

மழை நாள்ல அப்ப வேற எங்கதான் போறது? கால் சும்மா இருக்க மாட்டேங்குது.

தார், சரளை, சிமெண்டு எதுவும் மழைக்குக் கெடாது. கியாராவின் தார்ப்பாதை, புத்ராஜெயா ஏரிக்கரை. கெப்போங்கில் ஃபிரிம் எனப்படும் வன ஆய்வுக் கழகத்தில் சைக்கிளுக்கு எவை திறந்திருக்கின்றன என்று வாசலில் கேட்டுக்கொண்டு போங்கள். அந்த இடம் 1920களில் ஈயம் தோண்டியும் காய்கறி பயிரிட்டும் சத்து இழந்து கிடந்த நிலம். மனிதர்கள் ஒவ்வொரு கன்றாக நட்டு வளர்த்த காடு அது. 2025இல் யுனெஸ்கோ உலகப் பாரம்பரியப் பட்டியலில் சேர்ந்தது. மண் ஒருமுறை போனால் திரும்ப வர எத்தனை காலம் ஆகும் என்று பார்க்க வேண்டுமானால் அங்கே ஒரு சுற்று போய் வாருங்கள்.

மோட்டார்காரங்க ஏற்கெனவே உழுதுட்டுப் போயிட்டாங்க. என் ஒரு சைக்கிள் என்னத்தைப் பெரிசா கெடுக்கப் போகுது?

இந்தக் கேள்வியில் நியாயம் இருக்கிறது. மோட்டார் சைக்கிள் ஏறிய தடத்தைச் சீரமைப்பது எங்களுக்குத் துக்கம். ஆனால் உழுத இடம்தான் இன்னும் பலவீனம். புண்ணில் மறுபடி இடித்துக்கொள்வது போல. அங்கே வடிகால் வெட்டி, மண் இறுகவிட்டு, மூன்று நான்கு வாரம் யாரும் போகாமல் இருந்தால் பாதி தானாகத் தேறிவிடும். அந்த நாட்களில் போகும் ஒவ்வொரு சக்கரமும் கணக்கை முதலிலிருந்து தொடங்க வைக்கிறது.

"நடக்கிறவங்க காலும்தானே பதியுது" என்றும் கேட்பார்கள். பதிகிறது. கால் பதிந்தால் குழி, குழியில் தண்ணீர் நிற்கும். டயர் பதிந்தால் கோடு, கோட்டில் தண்ணீர் ஓடும். சரிவில் ஓடும் தண்ணீர்தான் அறுக்கும்.

பத்துப் பேரா வந்திருக்கோம். திரும்பணும்னு எனக்குத் தோணுது, மத்தவங்க கேக்க மாட்டேங்குறாங்க.

பெரும்பாலும் இதை என்னிடம் கேட்பது தங்கச்சிமார்கள்தான். குழுவில் புதுசு, எப்படிச் சொல்வது என்ற தயக்கம். வாதாட வேண்டாம். "அண்ணே, ஒரு நிமிஷம் திரும்பிப் பாருங்க" என்று அவர்கள் டயர் போட்ட கோட்டைக் காட்டுங்கள். பத்துப் பேர் ஓட்டிய பிறகு அது ஒரு கோடாக இல்லை, ஓடையாக இருக்கும். அதைப் பார்த்தும் போகிறவர்கள் போகட்டும். நீங்கள் திரும்பினால் உங்கள் பின்னால் நிச்சயம் இன்னும் இரண்டு பேர் திரும்புவார்கள். அவர்களும் யாராவது முதலில் சொல்லட்டும் என்றுதான் நின்றிருப்பார்கள்.

முன்பின் தெரியாதவர் சேற்றில் ஓட்டுவதைக் கண்டால் தடத்தில் மறித்துக் கத்தாதீர்கள். கீழே இருக்கும் மாமாக் சாப்பாட்டுக் கடையில் ஒரு தே தாரே டீயோடு பேசுங்கள். அங்கே கேட்கிற காது காட்டில் கேட்காது.

போட்டிக்குப் பணம் கட்டியாச்சு. முதல் நாள் ராத்திரி கொட்டோ கொட்டுன்னு கொட்டிடுச்சு. போகலாமா?

கஷ்டமான கேள்வி. ஏற்பாட்டாளர்கள் மாற்றுத் தேதியோ தார்ப்பாதை கலந்த மாற்றுத் தடமோ முன்கூட்டியே வைத்திருக்க வேண்டும். பதியும் முன்பே அதைக் கேளுங்கள். இல்லை என்று சொல்பவர்களுக்குப் பணம் கட்டாதீர்கள். போட்டிக்குப் பிறகு தடத்தைச் சீராக்க ஆளும் பணமும் ஒதுக்கியிருக்கிறார்களா என்றும் கேளுங்கள்.

என்னைக் கேட்டால், ஒருமுறை நான் கட்டிய பணத்தை விட்டுவிட்டு வீட்டிலேயே இருந்துவிட்டேன். நூற்றுக்கணக்கான சக்கரங்கள் ஒரே காலையில் ஊறிய களிமண்ணில் போவதை என்னால் ஏற்க முடியவில்லை. என் தோழி போனாள். அவளை நான் குறை சொல்லவில்லை. மறு ஞாயிறு சீரமைக்கவும் வந்தாள்.

முடிஞ்சதும் சைக்கிளை எங்க கழுவுறது? ஓடை பக்கத்துலயே இருக்கே.

ஓடையில் வேண்டாம். சங்கிலி எண்ணெய் தண்ணீரில் கலக்கும். சூராவ் குழாயில் வேண்டவே வேண்டாம், அது தொழுகைக்குக் கைகால் சுத்தம் செய்யும் இடம். வண்டியில் ஐந்து லிட்டர் புட்டியும் ஒரு பிரஷும் வைத்துக்கொள்ளுங்கள். வாசலிலேயே டயர் மண்ணைச் சுரண்டிவிட்டுக் கிளம்புங்கள். அந்த மண்ணில் விதைகள் ஒட்டியிருக்கும். தோட்டங்களில் மண்ணை மூட நட்ட மிக்கானியா கொடி எப்படி எல்லா இடத்திலும் பரவிக் கிடக்கிறது என்று பாருங்கள். ஒரு காட்டின் களையை இன்னொரு காட்டுக்கு நாம் சுமக்க வேண்டாம்.

உங்களையும் கழுவிக்கொள்ளுங்கள். எலிச் சிறுநீர் கலந்த சேறும் தண்ணீரும் காயத்தில் பட்டால் எலிக் காய்ச்சல் வரலாம். மலேசியாவில் 2010 முதல் அது அறிவிக்கப்பட வேண்டிய நோய். சிராய்ப்பைச் சோப்புப் போட்டுக் கழுவுங்கள், தண்ணீர்ப் புட்டியின் வாயைச் சேற்றுக் கையால் தொடாதீர்கள். அடுத்த சில வாரங்களில் காய்ச்சலும் கெண்டைக்கால் வலியும் வந்தால், சேற்றில் ஓட்டினேன் என்று டாக்டரிடம் மறக்காமல் சொல்லுங்கள். மாமாக் கடைக்குப் போகும் முன் ஷூவையும் மாற்றிவிடுங்கள். தரை துடைக்கும் பையன் நம் சேற்றுக்காகச் சம்பளம் வாங்கவில்லை.

உண்மையைச் சொல்றேன்கா, நானே ஒரு தடத்தைக் கெடுத்துட்டேன். இப்ப என்ன செய்யட்டும்?

முதல் பதிலில் சொன்ன அந்தக் கோடு என்னுடையது. அவசரத்தில் ஒரு மாலை ஓட்டினேன், மறுநாளே போய்ப் பார்த்திருந்தால் காலால் மிதித்து மூடியிருக்கலாம். நான்கு மாதம் கழித்து அதை மூட ஆறு பேருக்கு அரை நாள் ஆனது. பத்து மீட்டர்தான். மேலே தண்ணீர் வரும் இடத்தில் பாதையின் வெளிப்புற விளிம்பைச் சாய்வாகச் சீவி, தண்ணீர் பாதையை விட்டுக் காட்டுக்குள் இறங்க வழி வெட்டினோம். பிறகுதான் பள்ளத்தை நிரப்பினோம். வழி வெட்டாமல் நிரப்பியிருந்தால் அடுத்த மழை அந்த மண்ணையும் கொண்டுபோயிருக்கும்.

நீங்களாகத் தோண்டாதீர்கள். தண்ணீரைத் தப்பான பக்கம் திருப்பினால் கீழே இன்னொரு தடம் போய்விடும். இடத்தைப் படம் எடுங்கள், ட்ராக்ஸ் என்ற கோலாலம்பூர், சிலாங்கூர் தடங்கள் சங்கத்தின் தொண்டர்களுக்கோ, உங்கள் பகுதியில் தடம் பராமரிப்பவர்களுக்கோ அனுப்புங்கள். அடுத்த சீரமைப்பு நாளில் வாருங்கள். கையுறை, மூடிய காலணி, இரண்டு லிட்டர் தண்ணீர், கொசு மருந்து போதும். மண்வெட்டி நாங்கள் தருகிறோம்.